கோரைக்குளத்து நாமக்கோழிக் கணக்கு

கலைமதியும் மகள் இளவேனிலும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலை ஒட்டியது. பழைய வலை கிழிந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆடிக் காற்றில் கொசு நிற்காது என்பார்கள். எடமலைப்பட்டி புதூர்க் கொசுக்களுக்கு அந்த விவரம் போய்ச் சேரவில்லை.

கலைமதி ஸ்டூலில் ஏறி நின்று ஜன்னல் சட்டத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். ரத்தம் எடுப்பதற்கு முன் தோலைத் துடைக்கிற அதே பழக்கம். துடைத்த இடத்துக்குப் பஞ்சு திரும்ப வராது. இளவேனில் கீழே நின்று டேப் பிடித்து அளந்தாள். திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அழுத்தமானிகளைச் சோதித்துச் சரிபார்க்கிற பொறியாளர் அவள். ஜன்னலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தாள். மூன்றும் மூன்று விதமாக வந்தன. வீடு கட்டிய கொத்தனாரைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

"பெயின்டர் வெள்ளைச்சாமிகிட்ட பேசிட்டேன்," என்றாள் கலைமதி, மேலே பார்த்தபடியே. "குளத்துப் போர்டுல அந்த நம்பரை மாத்தி எழுதித் தரேன்னுட்டார்."

"ரத்தினவேல் மாமாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"அவர்கிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. எழுதி முடிச்சிட்டுச் சொல்லிக்கலாம்."

"சண்டைக்கு வருவார்."

"வரட்டும். காபி போட்டுக் குடுக்கறேன்."

வலை ஒட்டி முடிந்ததும் கலைமதி ஸ்டூலிலிருந்து இறங்கி, தள்ளி நின்று பார்த்தாள். வலது மூலையில் விரலளவு சுருக்கம் இருந்தது. இளவேனில் பிரித்து ஒட்டலாம் என்றாள். கலைமதி, கொசு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை விடியலில், குளத்துக்குக் கிளம்ப ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த கலைமதி அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஆட்டோ தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் மாற்ற நினைத்த அந்த எண், கோரைக்குளத்தின் கரையில் ஒரு தகரப் பலகையில் ஆளுயரத்துக்குமேல் நிற்கிறது. "இக்குளத்திற்கு வந்த நாமக்கோழிகள் 4,200." கலைமதி வாயிலிருந்து வந்த எண்தான். தப்பான எண். சாவதற்கு முந்தைய ஒன்றரை வருடம் அவளை அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

கலைமதிக்குத் தெரிந்த வேலை எண்ணுவது. தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், மேசையில் ஒரு கை. கைக்கடியில் ஒரு பெட்டி. அதில் தட்டச்சுப் பொறி மாதிரி ஐந்து கட்டைகள். ரத்தத்தில் ஐந்து வகை வெள்ளை அணுக்கள் உண்டு. கண்ணில் எது படுகிறதோ அதற்கான கட்டையைத் தட்டவேண்டும். மொத்தம் நூறு சேர்ந்ததும் பெட்டி 'டிங்' என்று மணி அடிக்கும். பள்ளிவிட்டு வந்து அங்கே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இளவேனிலுக்கு, ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் எத்தனை மணி அடிக்கிறது என்பது ஒரு விளையாட்டு. அம்மா அவசரத்தில் இருந்தால் மணிகள் நெருங்கி வரும். யாருக்கோ ஏதோ சரியில்லை என்றால் மணியே வராது. கலைமதி அப்போது ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நிலையத்துக்குப் பெரிய மெஷின் வந்ததும் அந்தப் பெட்டியைப் பழைய சாமான்களோடு போட்டார்கள். கலைமதி கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

பறவைகள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஸ்ரீரங்கத்தில். அதுவும் ஒரு தப்பால்தான்.

கணவர் பூவரசன் இறந்து அடுத்த வருடம். இளவேனில் கல்லூரியில் இருந்தாள். ஒருநாள் நிலையத்தில் இரண்டு பேருடைய ரிப்போர்ட் கவர் மாறிப்போயிற்று. ஒன்று உடனே கிடைத்துவிட்டது. மற்றது ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குப் போயிருந்தது. போனில் சொல்லிவிடலாம் என்றார் முதலாளி. கலைமதி கேட்கவில்லை. சரியான ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் நிலையம் போய், ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

வீட்டில் இருந்தது வயதான ஒரு மாமி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தேள்? போன்ல சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேனே," என்றாளாம்.

"கிழிச்சீங்களான்னு எனக்கு எப்படி மாமி தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள் கலைமதி.

மாமி சிரித்துவிட்டாள். காபி கொடுத்துத்தான் அனுப்பினாள். பழைய காகிதத்தைக் கலைமதி அங்கேயே நான்காகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தப்பான ரிப்போர்ட் ஒன்று வெளியே இருந்தால் என்றாவது ஒரு டாக்டர் அதைப் பார்த்து மருந்து எழுதுவார் என்பது அவள் கட்சி. டாக்டர் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தான் எழுதித் தருகிற எண்ணைத்தான் பார்க்கிறார் என்பாள்.

வேலை முடிந்தது. ஆனால் ஆளில்லாத வீட்டுக்கு உடனே திரும்ப மனமில்லை. கால் போனபடி வடக்கே நடந்து கொள்ளிடக் கரையில் போய் உட்கார்ந்தாள். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத் தேங்கிக் கிடந்தது. அதில் குச்சி குச்சியான சிவப்புக் கால்களோடு சில பறவைகள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடப்பவர்கள் மாதிரி, பதனமாக நடந்துகொண்டிருந்தன. கலைமதியின் விரல்கள் மடியில் தாமாகவே தட்டத் தொடங்கின. நாற்பது வந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் நாற்பது. ஆய்வகத்தில் இரண்டு எண்ணிக்கை ஒருநாளும் ஒன்றாக வந்ததில்லை என்று, இதைச் சொல்லும்போதெல்லாம் சொல்வாள்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தாள். ஹாஸ்டலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்த இளவேனிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கால் மட்டும் சிவப்பு. உடம்பு கறுப்பும் வெள்ளையும். ஊசி மாதிரி மூக்கு. பேரு என்னன்னு பாரு," என்றாள் அம்மா. இளவேனில் தேடிப் பார்த்து, நெடுங்கால் உள்ளான் என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அம்மாவின் குரலில் உப்பு உறைப்பு இருந்தது.

அதற்குப் பிறகு கோரைக்குளம். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ஒரு பக்கம் மதுரை ரோட்டின் இரைச்சல். மறுபக்கம் புது மனைகள். நடுவில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய நீர். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் செருப்புச் சத்தத்தோடு சுற்றுவார்கள். கலைமதி ஒரு வேலமரத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காருவாள். சத்திரத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சர்ஃபராஸ் அவளுக்கு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தார். ஊரில் பறவை பார்க்கிறவர்களையெல்லாம் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்து வைத்திருப்பவரும் அவர்தான். எண்ணியதைக் கணினியில் ஏற்றுவதற்கு அவளுக்குப் பழக்கிவிட்டார்.

பழைய பெட்டிக்கும் வேலை வந்தது. முதல் கட்டை முக்குளிப்பான், இரண்டாவது நீலக்கோழி, மூன்றாவது நீர்க்காகம், நான்காவது மடையான். ஐந்தாவது, புதிதாக எது வந்தாலும் அது. நூறு சேர்ந்ததும் மணி அடித்துப் பறவைகள் எழும்பிவிட்டதால், மணிக்குள் பஞ்சு வைத்து பிளாஸ்திரி போட்டுவிட்டாள். பிறகு அது 'டிங்' என்று அடிக்காமல் 'டுக்' என்று விக்கியது.

விடுமுறைக்கு வருகிற இளவேனிலும் கூடப் போவாள். பேசக்கூடாது, வாசனை எண்ணெய் தடவக்கூடாது, சிவப்புச் சுடிதார் கூடாது. பேசக்கூடாது என்ற சட்டம் கலைமதிக்குப் பொருந்தாது. மடையானை, "ஆபீஸ்ல பெரிய கிளார்க் மாதிரி உக்காந்திருக்கு பாரு," என்பாள். பாம்புத்தாரா இறக்கையை விரித்து நின்றால், "வேட்டி காயப்போட்டாச்சு," என்பாள். இளவேனில் சிரித்தால் அதட்டுவாள். திரும்பும் வழியில் டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீயும் ஒரு மெதுவடையும். மகளுக்குப் பசிக்கவில்லை என்றாலும் அந்த வடை உண்டு.

குளிர்காலத்துக்கு நாமக்கோழிகள் வரும். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. ஒரு படத்தைக் கொண்டுபோய் உத்தர வீதி மாமியிடம் காட்டினாள் கலைமதி. அந்த மாமி அதற்குள் சிநேகிதியாகியிருந்தாள். மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, "திருமண் பளிச்சுனு இட்டுண்டிருக்கு. நடுவுல சிவப்பா ஸ்ரீசூர்ணம் இட மறந்துடுத்து, பாவம்," என்றாளாம்.

நாமக்கோழிகளைக் கட்டை தட்டி எண்ண முடியாது. தண்ணீர்மேல் கறுப்புப் பாய் விரித்த மாதிரி நெருக்கியடித்து மிதக்கும். அதற்குக் கலைமதி தன் வழியில் ஓர் உபாயம் கண்டுபிடித்தாள். எம்பிராய்டரி போடுகிற மரவளையத்தை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு நூல் கட்டி, பதினாறு கட்டங்கள் ஆக்கினாள். வளையத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கூட்டம் அதற்குள் அடங்குமாறு தள்ளி நின்றுகொள்வாள். பதினாறில் நான்கு கட்டங்களை மட்டும் எண்ணி நான்கால் பெருக்கினால் கிட்டத்தட்ட மொத்தம் வந்துவிடும். நூலின்மேல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் சட்டம் உண்டு: மேல் நூல், இடது நூல் என்றால் கணக்கில் சேர்த்தி, கீழ் நூல், வலது நூல் என்றால் இல்லை. ரத்த அணுக்களுக்கு உள்ள சட்டம்தான் அது.

சர்ஃபராஸ் முதலில் சிரித்தார். ஒருநாள் ஒரு கூட்டத்தைப் படம் எடுத்து, கணினியில் புள்ளி வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கலைமதியின் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு அவரும் ஒரு வளையம் வாங்கினார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் குளத்தில் இடிபாடு கொட்ட ஆரம்பித்தார்கள். ராத்திரியில் லாரி வரும். காலையில் பார்த்தால் கரையோரம் செங்கல்லும் உடைந்த டைல்ஸும் குவிந்து கிடக்கும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ரத்தினவேல், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அது குட்டைதானே, அதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். பறவை இருக்கிறது என்று காட்ட நினைத்தார் ரத்தினவேல். பொங்கலுக்கு மறுவாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்கெடுப்பு என்று அறிவித்து, நிருபர்களையும் தெருக்காரர்களையும் கூட்டிவிட்டார்.

அன்று குளத்தில் பனி. கலைமதி வளையத்தைப் பிடித்து நான்கு கட்டங்களை எண்ணினாள். எண்பத்து நான்கு. பின்னாலிருந்து ஒரு மைக் நீண்டது. எவ்வளவு மேடம் என்று யாரோ கேட்டார்கள். வளையத்தை இறக்காமலே, "நாலாயிரத்து இருநூறு," என்றாள்.

ஆய்வகத்தில் வெள்ளை அணுவுக்கு வாய்ப்பாடு அதுதான். கண்ணாடிச் சில்லில் நான்கு மூலைக் கட்டங்களை எண்ணி ஐம்பதால் பெருக்கு. ரத்தத்தில் திரவம் கலந்து நீர்க்க வைத்ததற்கும் சேர்த்து அந்த ஐம்பது. எத்தனையோ ஆயிரம் பேருக்கு அவள் அப்படித்தான் பெருக்கியிருக்கிறாள். கண் பறவைமேல் இருந்தது. வாய் தில்லை நகரில் இருந்தது. நாலாயிரத்து இருநூறு என்பது உடம்பு சுகமாக இருக்கிற ஓர் ஆளுக்கு வரக்கூடிய எண்தான். அதனால் அவள் காதுக்கும் அது உறுத்தவில்லை. பின்னால் கை தட்டினார்கள். கலைமதி எதற்கென்று திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கரைக்கு வாத்து எண்ணப் போய்விட்டாள்.

சாயங்காலம் கணினியில் ஏற்றும்போது 84-ஐ நான்கால் பெருக்கினாள். 336. காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே சர்ஃபராஸுக்குப் போன் செய்தாள். கணக்கில் 336 என்றே ஏறியது. அதில் பிழை இல்லை. நிருபருக்குச் செய்தாள். செய்தி போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். ரத்தினவேலுக்குச் செய்தாள். அவர், நேரில் வந்து பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

மறுவாரம் லாரி நின்றது. அதற்கடுத்த வாரம் பலகை வந்தது. கறுப்புத் தகரத்தில் வெள்ளை எழுத்து. எண் மட்டும் சிவப்பில். ரத்தினவேல் வீட்டுக்கே வந்து பேசினார். "மேடம், முந்நூத்தி முப்பத்தாறுன்னு எழுதினா லாரிக்காரன் சிரிப்பான். எல்லைக்கல் நட்டுட்டாங்கன்னா அப்புறம் யாரும் கை வைக்க முடியாது. அதுவரைக்கும் பொறுங்க," என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கலைமதி ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்டாளே தவிர, பலகை இருக்கிற பக்கம் போவதை விட்டுவிட்டாள். வேலமரத்தடி அந்தப் பக்கம்தான். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முள்காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே காலைச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கையைக் கண்ணுக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு எண்ணுவாள்.

இளவேனில் அதைப் பார்த்துவிட்டு, கணக்கில்தான் திருத்தியாகிவிட்டதே, தகரத்தில் என்ன இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறாள். கலைமதி, "உன் கேஜ் தப்புக் காட்டுனா, ஃபைல்ல சரியா இருக்குன்னு கேஜை அப்படியே மாட்டி வைப்பியாடி?" என்றாள். தவறாகக் காட்டுகிற கேஜின்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிக் கழற்றி எடுத்து வைப்பதுதான் இளவேனிலின் உத்தியோகமே.

அடுத்த குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குளம் பார்க்க அழைத்து வந்தார்கள். நாமக்கோழிகள் எப்போதும் போல வந்திருந்தன, முந்நூறுக்குக் கிட்டத்தட்ட. பலகையைப் படித்துவிட்டு வந்த ஒரு சிறுமி, கலைமதியின் வளையத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மீதியெல்லாம் எங்க ஆன்டி?" என்றாள். கலைமதி வாயைத் திறப்பதற்குள் கூட வந்த ஆசிரியை, அழிந்துபோய்விட்டது, மனிதர்கள் செய்த பாவம் என்று சொல்லிப் பிள்ளைகளைத் தலைகுனிந்து ஒரு நிமிடம் நிற்க வைத்தார். பிள்ளைகள் நின்றார்கள். ஒரு பையன் அழுதானாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த கலைமதி சாப்பிடவில்லை. இல்லவே இல்லாத பறவைகளுக்குக் குழந்தைகளை அழ வைத்துவிட்டேனே என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்திரையில் எல்லைக்கல் நட்டார்கள். மறுநாளே ரத்தினவேல் வீட்டுக்குப் போனாள். அவர், வைகாசி போகட்டும் என்றார். பிறகு சங்கத்தில் பேசவேண்டும் என்றார். அதன் பிறகுதான் பலகை எழுதிய வெள்ளைச்சாமியையே நேராகப் போய்ப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரத்தினவேல் வந்தார். பந்தியில் உட்காரவில்லை. எல்லோரும் போனபின் இளவேனிலிடம் வந்து ஒரு விஷயம் சொன்னார். பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே, 'இப்பறவைகளைக் கணக்கிட்ட அமரர் கலைமதி அம்மையார் நினைவாக' என்று எழுதச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. நாளைக் காலையில் வெள்ளைச்சாமி வருகிறார். ஒரு போட்டோவும் வேண்டும்.

அவர் கண்ணில் நீர் நின்றது. அதில் பொய் இல்லை என்று இளவேனிலுக்குத் தெரிந்தது.

"வேண்டாம் மாமா," என்றாள்.

"ஏம்மா? அம்மா பேர் அங்க நிக்கணும்மா. அவங்க இல்லன்னா அந்தக் குளமே இல்ல."

"நிக்கட்டும். அந்த நம்பருக்குக் கீழ நிக்க வேணாம். அதைப் பார்க்கக் கூடாதுன்னு முள்ளுக்குள்ள போய் உக்காந்திருந்தாங்க."

ரத்தினவேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். லாரி திரும்ப வந்தால் யார் பொறுப்பு என்றார். இளவேனில், கல் நட்டாகிவிட்டதே என்றாள். கல்லைப் பிடுங்கிப் போட்டதையும் தான் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். அது உண்மைதான். அவர்கள் இருவரும் கலைமதியின் நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர் எழுந்தார்.

"நான் எழுதச் சொல்லிட்டேன். நானே போய் நிறுத்த மாட்டேன். உனக்கு மனசு கேக்கலன்னா நீயே அவன்கிட்ட சொல்லிக்கோ. நான் நாளைக்கு அந்தப் பக்கம் வரல," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "அம்மா இருந்தா இந்நேரம் காபி குடுத்திருப்பாங்க," என்றார். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் இளவேனில் அம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். ஆடிக் காற்று கோரையைப் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் வற்றி நடுவில் ஒதுங்கியிருந்தது. ஒரு முக்குளிப்பான் மூழ்குவதும் எழுவதுமாக இருந்தது. கரையில் நான்கைந்து மடையான்கள், பெரிய கிளார்க்குகள், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவள் விரல்கள் ஹேண்டில்பாரில் சும்மா இருந்தன. எண்ண வரவில்லை.

பலகையில் ஏணி சாய்த்திருந்தது. வெள்ளைச்சாமி மேலே நின்று, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு 'கலைம' வரை எழுதியிருந்தார். அதன்மேல் இன்னும் பெயின்ட் தொடவில்லை. அவளைப் பார்த்ததும் இறங்கி வந்தார். அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரு வரிதான். நம்பரை மாற்றாமல் பேர் எழுத வேண்டாம் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து, ஏறிப்போய், சுண்ணக்கட்டி எழுத்தைத் துடைத்தார். காற்றில் அந்தத் தூள் இரண்டு பேர்மேலும் விழுந்தது.

"எனக்கும் மனசு இல்லம்மா. செயலாளர் சொன்னாரேன்னு வந்தேன்," என்றார் இறங்கியபின். "நம்பரை மாத்தணும்னுதான் அம்மா வந்து சொன்னாங்க. மாத்திடறேன்னு நானும் சொன்னேன். கறுப்பு இருக்கு, பழைய எழுத்தை அடிச்சிடலாம். சிவப்பு மட்டும் எங்கிட்ட இல்ல. சங்கத்துக் காசுல வாங்க வேணாம், நானே வாங்கித் தரேன்னாங்க."

"எப்ப?"

"அவங்க போன அந்த வியாழக்கிழமைதான். காலைல பறவை பாத்துட்டு, மதுரை ரோட்டுல கடை திறந்ததும் கால் லிட்டர் சிவப்பு எனாமல் வாங்கிட்டு நேரா இங்க வரேன்னு சொல்லியிருந்தாங்க. நான் ஏணியோட வந்து வெயில் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்தேன்மா. மறந்துட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டேன்."